சமுத்திரப்பச்சை ஐபோமியாவா, ஆர்ஜிரியாவா? ஹெர்பேரியம் ஷீட்டில் எதை எழுதுவது?

கெடிலக்கரை_கொடி:

எல்லாருக்கும் வணக்கம். கடலூரில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஹெர்பேரியம் ஷீட் (செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டின தாள்) வைக்க வேண்டும், ஒரே குடும்பமாக எடுத்துச் செய்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பேச வசதியாக இருக்கும் என்று மேடம் சொன்னார், அதனால் கான்வால்வுலேசியை, அதாவது சர்க்கரைவள்ளிக் குடும்பத்தை, எடுத்துக்கொண்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் இந்தக் கொடிதான். தேவனாம்பட்டினம் பீச் மணலில் அடம்பு, ஓ.டி. (பழைய டவுன்) போகிற வழியில் வாய்க்கால் ஓரம் முழுக்க நெய்வேலி காட்டாமணக்கு, எங்கள் வேலியில் மயில்மாணிக்கம், சந்தையில் வள்ளைக்கீரை, பாட்டி வீட்டுக் கொல்லையில் சர்க்கரைவள்ளி. அத்தனையையும் ஐபோமியா என்றே செடி அடையாளம் காட்டும் ஆப் காட்டுகிறது. இங்கேதான் மண்டை காய்கிறது. ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற காட்டாமணக்கும், மண்ணுக்குள் கிழங்கு வைக்கிற வள்ளியும், தண்ணீரில் மிதக்கிற கீரையும் எப்படி ஒரே பேரினம் (ஜீனஸ்)? எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்டால் என்ன சொல்வது?

அடுத்தது பெயர்ச் சிக்கல். தெரிந்தவர் தோப்பில் சமுத்திரப்பச்சை கிடைத்தது, முறத்தளவு இலை, அடிப்பக்கம் பட்டு ரோமம், ஊதா கலந்த ரோஸ் பூ. எங்கள் லேப் பீரோவில் இருக்கும் பழைய ஷீட்டில் அது ஆர்ஜிரியா ஸ்பெசியோசா. ஆப்பில் ஆர்ஜிரியா நெர்வோசா. நெட்டில் கிடைத்த ஒரு கட்டுரையில், ஆர்ஜிரியா என்று தனியாக ஒரு பேரினமே வேண்டாம், எல்லாவற்றையும் ஐபோமியாவில் சேர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மயில்மாணிக்கத்துக்கும் இதே கதை, பழைய லேப் மேனுவலில் குவாமோகிளிட் பின்னேட்டா, ஆப்பில் ஐபோமியா குவாமோகிளிட். எதை எழுதினால் மார்க் போகாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


உப்பனாறு_பழைய_வாத்தியார்:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, நல்ல குடும்பமாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், வகுப்பெடுத்த பழக்கம் விடவில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடியா செடியா மரமா என்பதை வைத்து யாரும் பேரினம் பிரிப்பதில்லை. ஐபோமியாவில் பெரும்பாலானவை கொடிகள், ஆனால் மெக்சிகோவில் மரமாகவே வளர்கிற ஐபோமியா ஆர்போரெசென்ஸ் இருக்கிறது. உங்கள் வாய்க்கால் ஓரக் காட்டாமணக்கு ஐபோமியா கார்னியா, அதன் ஃபிஸ்டுலோசா என்ற துணையினம். தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே குழாயாக இருக்கும். பெயரில் ஆமணக்கு இருந்தாலும் ஆமணக்குக் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது, ஏரிக்கரை வாய்க்கால்கரை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அப்படியானால் எதை வைத்து ஒன்று சேர்க்கிறார்கள்? பூவை வைத்துத்தான். காலை 7 மணிக்குள் பீச்சுக்குப் போய் ஒரு அடம்பம்பூவைப் பறித்து, புனலை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். இதழ் ஐந்தும் ஒட்டிப் புனலாக இருக்கும், ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஒரு பட்டை ஓடும். மொட்டில் அந்தப் பட்டைகள் மட்டும்தான் வெளியே தெரியும், மற்றதெல்லாம் முறுக்கி உள்ளே மடிந்திருக்கும். கேசரம் (பூவின் ஆண் உறுப்பு) ஐந்து, நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நடுவில் இருக்கிற சூல்முடியை (பெண் உறுப்பின் நுனியை) கவனியுங்கள், உருண்டையாக, இரண்டு குமிழ் ஒட்டினபடி இருக்கும். கான்வால்வுலஸ் என்றால் அந்த இடத்தில் இரண்டு மெல்லிய நூல்கள் இருக்கும். வைவாவில் ஐபோமியாவுக்கும் கான்வால்வுலஸுக்கும் வித்தியாசம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மகரந்தம். கண்ணுக்கே வெள்ளைத் தூளாகத் தெரிகிற அளவுக்குப் பெரிய மணிகள். ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு லேப் மைக்ராஸ்கோப்பில் 40 அப்ஜெக்டிவ் வைத்தால் போதும், ஊமத்தங்காய் மாதிரி உருண்டையாக, சுற்றிலும் முள்ளாகத் தெரியும். கான்வால்வுலஸில் முள் கிடையாது, வழவழப்பாக இருக்கும். ஹாலியர் என்ற ஜெர்மானியர் 1893-லேயே இந்தக் குடும்பத்தை முள் மகரந்தக்காரர்கள், முள் இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். டி.என்.ஏ. எல்லாம் வந்து 100 வருஷத்துக்குப் பிறகு பார்த்தாலும் முள் மகரந்தக் கூட்டம் பிசகாமல் ஒரே கிளையாகத்தான் நிற்கிறது. அந்தக் காலத்து ஆட்களின் கண்ணுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1753-ல் லின்னேயஸ் பெயர் வைத்தபோது உங்கள் அடம்பையும் சர்க்கரைவள்ளியையும் கான்வால்வுலஸில்தான் போட்டார். வள்ளியை 1793-ல் லமார்க் ஐபோமியாவுக்குக் கொண்டுவந்தார், அடம்பை 1818-ல் ராபர்ட் பிரவுன் கொண்டுவந்தார். மயில்மாணிக்கத்தின் கதை தலைகீழ். லின்னேயஸே அதை ஐபோமியா என்றுதான் வைத்தார், பின்னால் வந்தவர்கள் பூக்குழல் ஒல்லியாக நீண்டிருக்கிறது, கேசரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நிறம் சிவப்பு என்று குவாமோகிளிட்டாகத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். தேன்சிட்டு மாதிரி அமெரிக்காவில் இருக்கிற ரீங்காரச் சிட்டுகள் வந்து தேன் குடிக்கத் தோதாக மாறின பூ அது, அவ்வளவுதான். உள்ளே முள் மகரந்தம் அப்படியே இருக்கிறது. அதனால் ஐபோமியா குவாமோகிளிட் என்று தைரியமாக எழுதுங்கள்.

சர்க்கரைவள்ளி பற்றி ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கு தண்டு, வள்ளிக்கிழங்கு வேர், இரண்டையும் குழப்பினால் எக்ஸ்டர்னல் விடமாட்டார். ஆனால் உருளைக்கிழங்கின் சொலனேசியும் உங்கள் கான்வால்வுலேசியும் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள், சொலனேல்ஸ் வரிசை. மரவள்ளி இந்தப் பேச்சிலேயே சேராது, அதுதான் உண்மையிலேயே ஆமணக்குக் குடும்பம்.

சமுத்திரப்பச்சை விஷயம் கொஞ்சம் சிக்கல். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், அதற்குள் யாராவது சொன்னாலும் சரி.


பாகூர்_அக்கா:

சாரின் பாடத்துக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த நெய்வேலி காட்டாமணக்கைப் பறிக்கப் போகிறவர்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். எங்கள் பக்கம் ஏரி வாய்க்காலில் காடாக நிற்கிறது, வேலிக்கு நல்லது, ஆடு கடிக்காது என்று ஒருத்தர் சொன்னதை நம்பி நாங்களும் ஒடித்து நட்டோம். மழைக்காலத்தில் கடிக்காதது உண்மைதான். கோடையில் வேறு பச்சை இல்லாதபோது ஒரு கிடா தின்னப் பழகிவிட்டது, அப்புறம் அதைத்தவிர வேறெதையும் தொடவில்லை. தலை ஆட ஆரம்பித்தது, பின்னங்கால் இழுத்தது, எலும்பும் தோலுமாகி ஒருநாள் எழுந்திருக்கவே இல்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்ததும் வேலியைத்தான் காட்டினார். வேலியை வெட்டினால் வெட்டிப் போட்ட துண்டும் வேர்விட்டு முளைக்கிறது, சனியன்.

வள்ளைக்கீரையும் இதே ஜாதி என்கிறீர்களே, அதை நாங்கள் பருப்புப் போட்டுக் கடைந்து சாப்பிடுகிறோம். அது எப்படி ஒன்று விஷம் ஒன்று கீரை?


மஞ்சக்குப்பம்_மணி:

எனக்கு ஒரு சந்தேகம். இந்தத் தாவரவியல்காரர்களுக்குப் பெயர் மாற்றுவதைத் தவிர வேறு வேலை உண்டா? நான் படிக்கும்போது எழுதி மனப்பாடம் செய்த பெயர்களில் பாதி இன்றைக்குச் செல்லாது. அடம்பு ஐபோமியா பைலோபா என்று இருந்தது, இப்போது பெஸ்-கேப்ரே. வள்ளைக்கீரை ஐபோமியா ரெப்டன்ஸ், இப்போது அக்வாட்டிகா. மெர்ரிமியா டிரைடென்டேட்டா என்று முதியார் கூந்தலைப் படித்தோம், அது சீனோஸ்டீஜியா ஆகிவிட்டது. ஊரில் பாட்டிகள் அடம்பை அடம்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சங்கப் பாட்டில் மான் குளம்பு போன்ற இலை என்று சொன்ன காலத்திலிருந்து அதே பெயர். கட்டுரை எண்ணிக்கை கூட்டத்தான் இதெல்லாம் என்று நினைக்கிறேன்.


காலாப்பட்டு_ஆய்வு:

மணி அண்ணா, கோபம் புரிகிறது, ஆனால் எல்லா மாற்றமும் ஒரே வகை இல்லை. பைலோபா, பெஸ்-கேப்ரே விவகாரம் வெறும் முன்னுரிமை, ஒரே செடிக்கு இரண்டு பேர் பெயர் வைத்திருந்தால் முதலில் வைத்த பெயர்தான் செல்லும். லேப் ஷீட்டில் இருக்கிற ஸ்பெசியோசா, நெர்வோசா என்பதும் அதேதான். முதியார் கூந்தல் கதை வேறு, அங்கே உறவுமுறையே தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. ஆர்ஜிரியா இந்த இரண்டிலும் சேராது, அங்கே இன்னும் சண்டை முடியவில்லை.

ஆர்ஜிரியாவைத் தனிப் பேரினமாக 1790-ல் லோரேரோ வைத்தார். பிரித்ததற்குக் காரணம் காய்தான். ஐபோமியா காய் முற்றியதும் காய்ந்து நான்காக வெடித்து விதையைக் கொட்டும். ஆர்ஜிரியா காய் வெடிக்காது, சதையாகவோ தோலாகவோ இருந்து அப்படியே உதிரும். பூவைப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, அதே உருண்டைச் சூல்முடி, அதே முள் மகரந்தம். முசுட்டையின் ரிவியா, ஸ்டிக்டோகார்டியா, டர்பைனா எல்லாமே இப்படிக் காயையும் புல்லியையும் (பூவின் வெளி இதழ்) பார்த்துப் பிரித்தவை.

டி.என்.ஏ. வந்ததும் என்ன தெரிந்தது என்றால், இவை ஒன்றும் ஐபோமியாவுக்குப் பக்கத்தில் இல்லை, உள்ளேயே இருக்கின்றன. சில ஐபோமியாக்கள் மற்ற ஐபோமியாக்களைவிட ஆர்ஜிரியாவுக்குத்தான் நெருக்கம். அண்ணன் தம்பி நான்கு பேரில் ஒருவனை மட்டும் வேறு குடும்பம் என்று எழுதி வைத்தால் ரேஷன் கார்டு எப்படிச் செல்லும்? வகைப்பாட்டிலும் அது செல்லாது. ஒன்று எல்லாரையும் சேர்க்க வேண்டும், இல்லை எல்லாரையும் முறையாகப் பிரிக்க வேண்டும். 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று சேர்த்துவிடலாம் என்றது, நீங்கள் பார்த்த கட்டுரை அந்த வழியில் வந்ததாக இருக்கும். அப்படிச் சேர்த்தால் ஐபோமியா சுமார் 800 இனங்கள் கொண்ட பேரினம். அடுத்த வருஷமே அவர்கள் அமெரிக்கக் கண்டங்களின் ஐபோமியாக்களை மட்டும் தொகுத்தார்கள், அதிலேயே 425 இனங்கள்.

பிரிக்கலாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 800 இனங்களை ஒரே பெயரில் வைத்துக்கொண்டு யார் மேய்ப்பது? தவிர, இந்தக் கிளை பெரிதாக இரண்டாகத்தான் பிரிகிறது, ஒன்று பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களுடையது, இன்னொன்று பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்கப் பக்கத்துடையது. சர்க்கரைவள்ளி, மயில்மாணிக்கம், காட்டாமணக்கு எல்லாம் முதல் கிளை. ஆர்ஜிரியா இரண்டாவது கிளை.

சரி, இரண்டாகவே பிரித்துவிடலாம் என்றால் ஐபோமியா என்ற பெயர் யாருக்கு? விதி என்னவென்றால், ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு டைப் இனம் உண்டு, அது எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்குத்தான் பழைய பெயர். ஐபோமியாவின் டைப் இனம் எது தெரியுமா? சர்க்கரைவள்ளி இல்லை, தோட்டத்தில் வைக்கிற நீலப்பூக் கொடி இல்லை. புலிச்சுவடி! ஐபோமியா பெஸ்-டைக்ரிடிஸ். மழை விட்டதும் முந்திரித் தோப்பு மணலிலும் சாலை ஓரத்திலும் உடம்பெல்லாம் விறைப்பான ரோமத்தோடு படர்ந்து கிடக்குமே, விரல் விரித்த இலை, நடுவில் கொத்தாகச் சின்ன வெள்ளைப்பூ, யாரும் குனிந்துகூடப் பார்க்காத களை. அது இருப்பது இரண்டாவது கிளையில், ஆர்ஜிரியா இருக்கிற பக்கம். ஆகவே பிரித்தால் ஐபோமியா என்ற பெயர் புலிச்சுவடியோடு போய்விடும், உலகம் முழுக்கச் சாப்பிடுகிற சர்க்கரைவள்ளி வேறு பெயர் தேட வேண்டும். 1790-ஐவிட 1753 பழையது என்பதால் சமுத்திரப்பச்சையும் கடைசியில் ஐபோமியாவாகத்தான் முடியும். சேர்த்தாலும் ஐபோமியா, இப்படிப் பிரித்தாலும் ஐபோமியா!

இதைத் தவிர்க்கத்தான் டைப் இனத்தையே மாற்றிவிடலாம் என்று 2020-ல் ஒரு முன்மொழிவு வைத்தார்கள். ஒரு களையை நாற்காலியிலிருந்து இறக்குவதற்கு அத்தனை நாட்டு ஆட்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. எனக்குச் சேர்ப்பதே சரி என்று படுகிறது, ஆனால் என் கைடு எதிர்க்கட்சி.

பாகூர் அக்கா, கிடாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதைக் கொன்றது ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு. அதைச் செடி தானே செய்வதில்லை, செடிக்குள் குடியிருக்கிற ஒரு பூஞ்சை செய்கிறது. சமுத்திரப்பச்சை விதையிலும் இப்படித்தான், அங்கே வேறு பூஞ்சை, வேறு நஞ்சு, தானியக் கதிரில் வரும் எர்காட் பூஞ்சையின் நஞ்சு வகை. அதனால் ஷீட்டுக்கு விதை எடுக்கிறவர்கள் யாரும் அதை வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், நெட்டில் கண்டதையும் எழுதியிருப்பார்கள். வள்ளைக்கீரையில் அந்தக் குடித்தனக்காரர்கள் இல்லை, கவலைப்படாமல் கடைந்து சாப்பிடுங்கள். அமெரிக்காவில் அதுவே தடைசெய்யப்பட்ட களைப் பட்டியலில் இருக்கிறது, நஞ்சுக்காக இல்லை, நீர்நிலையை மூடிவிடும் என்று.


கெடிலக்கரை_கொடி:

ரொம்ப நன்றி சார், அண்ணா, அக்கா. (தங்கைதான் சார்.) காலையில் பீச்சுக்குப் போய் அடம்பு எடுத்து வந்தேன், மகரந்தம் பார்த்தேன், முள் தெளிவாகத் தெரிகிறது, போனில் போட்டோகூட எடுத்துவிட்டேன். ஆனால் பூ ஷீட்டில் ஒட்டுவதற்குள் சுருண்டு கசங்கிப்போய்விட்டது. இலைக்காம்பிலிருந்து பால் வேறு வடிந்து பேப்பர் எல்லாம் கறை.

இன்னொன்று, அடம்பு இலையின் நுனி சிலதில் ஆழமாகப் பிளந்திருக்கிறது, நெட்டில் பார்க்கிற பிரேசில் படங்களில் லேசாகத்தான் இருக்கிறது. வேறு இனமா?

கடைசியாக, சமுத்திரப்பச்சைக்கு எதைத்தான் எழுதட்டும்?


உப்பனாறு_பழைய_வாத்தியார்:

நான் எழுத வந்ததைவிடக் காலாப்பட்டுக்காரர் நன்றாகவே சொல்லிவிட்டார். புலிச்சுவடி டைப் இனம் என்பதை இத்தனை வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன், அது சர்க்கரைவள்ளியின் பெயருக்கே உலை வைக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. உங்கள் ஷீட்டுகளில் அதையும் சேர்த்துவிடுங்கள் தங்கச்சி, ஐபோமியா என்றால் என்ன என்று கேட்டால் முதலில் அந்த ஷீட்டை எடுத்துக் காட்டுங்கள், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடம்பு ஒரே இனம்தான், இரண்டு துணையினங்கள். இந்தியப் பெருங்கடல் கரையில் இருப்பது பெஸ்-கேப்ரே துணையினம், இலை ஆழமாகப் பிளக்கும். பிரேசிலியென்சிஸ் துணையினத்தில் நுனி லேசாகத்தான் உள்வாங்கியிருக்கும், அது மற்ற வெப்பமண்டலக் கரைகளில் எல்லாம் பரவியிருக்கிறது. விதை ரோமத்தோடு கடல்தண்ணீரில் மிதந்தே போகும், உப்பில் ஊறினாலும் முளைக்கும், அதனால்தான் அத்தனை கரையிலும் இது இருக்கிறது. ஷீட்டில் கணுவில் வேர்விட்ட துண்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும், மணலைப் பிடித்து வைப்பதே அந்த வேர்தான். பக்கத்தில் இராவணன் மீசைப் புல் இருந்தால் குறிப்பில் எழுதுங்கள், இரண்டும் சேர்ந்துதான் மணல்மேட்டைக் கட்டும்.

பூ கசங்குவதற்கு வழி: வீட்டுக்குக் கொண்டுவரும் வரை காத்திருக்கக் கூடாது. பழைய நாளிதழும் இரண்டு அட்டையும் கையோடு எடுத்துப்போய், பறித்த இடத்திலேயே புனலை விரித்து, மேலே டிஷ்யூ பேப்பர் வைத்து அழுத்திவிட வேண்டும். மதியம் போனால் பூ மூடிவிடும், பிரயோஜனம் இல்லை. வெட்டின காம்பைப் பால் நிற்கும் வரை தாளில் ஒற்றி எடுங்கள். முதல் நாள் தாளை இரண்டு தடவையாவது மாற்றுங்கள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். சமுத்திரப்பச்சை இலை ஷீட்டைவிடப் பெரிதாக இருந்தால் மடித்து வையுங்கள், வெட்டக் கூடாது, மடிப்பில் அடிப்பக்க ரோமம் தெரியட்டும். காய் கிடைத்தால் ஒரு கவரில் போட்டு ஓரத்தில் ஒட்டுங்கள், வெடிக்காத காய் என்பதற்கு அதுதான் சாட்சி.

பெயர்: ஆர்ஜிரியா நெர்வோசா என்றே எழுதுங்கள், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இளைய பர்மன், வெளியே போஜெர் என்று ஆசிரியர் பெயர் வரும், அதை விட்டுவிடாதீர்கள். லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலும் இந்தப் பெயரைத்தான் ஏற்கிறது. கீழே ஒத்தபெயர் என்று போட்டு ஸ்பெசியோசாவை எழுதுங்கள், லேப் பீரோவில் இருக்கிற பழைய ஷீட்டை யாராவது எடுத்து நீட்டினால் பதில் ரெடியாக இருக்கும். ஐபோமியாவில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்பதைக் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

சந்தேகம் மிச்சம் இருந்தால் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போய் அங்கே இருக்கிற ஹெர்பேரியத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஒரு இனத்துக்குப் பல இடத்து ஷீட்டுகளை அடுக்கி வைத்துப் பார்க்கும்போது புரிகிறது ஆப்பில் புரியாது.


பாகூர்_அக்கா:

ஓணான் கொடியும் இதில் சேருமா? கூடை கட்ட அதைத்தான் அறுத்து வருவோம். சேரும் என்றால் தங்கச்சி பாகூர் பக்கம் வரும்போது சொல்லட்டும், ஒரு கட்டு எடுத்து வைக்கிறேன்.


காலாப்பட்டு_ஆய்வு:

சேரும் அக்கா, ஐபோமியா ஸ்டேஃபிலினா. பூ இருக்கிற கொடியாகப் பார்த்து எடுத்து வையுங்கள், வெறும் கொடி ஷீட்டுக்கு ஆகாது.